அக அமைதி வட்டமும் என் கழுத்துக் கட்டியும்

மன அமைதியைப் பற்றி நாற்பது நிமிடம் தண்ணீர் குடிக்காமல் பேசக்கூடியவன் நான். இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. யாழ்ப்பாணத்தில் எந்தக் கோயில் மண்டபத்தில் ஒலிவாங்கியை நீட்டினாலும், இதைச் செய்யக்கூடிய பத்துப் பேர் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்து வருவார்கள். எனக்கு இருந்த மேலதிகத் தகுதி, உயர்தர வகுப்புக்கு இந்து நாகரிகம் படிப்பிப்பதும், இடையிடையே ஆட்களைச் சிரிக்கவைக்கத் தெரிந்திருந்ததும்தான்.

கோப்பாயில் ஒரு ரியூசன் கொட்டகையில் சனிக்கிழமைப் பின்னேரங்களில் கூடும் 'அக அமைதி வட்டம்' இதற்காகவே என்னைப் பிடித்துப் போட்டது. வட்டத்தின் தலைவர் பரமானந்தம், ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர். உத்தியோக காலம் முழுக்க அடுத்தவன் வீட்டு நகையைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டியிருந்தவர், ஓய்வுபெற்ற மறுமாதமே பற்றறுத்தலில் இறங்கிவிட்டார். திரை, புரொஜெக்டர், மூலிகைத் தேநீர், முகநூலில் நேரடி ஒளிபரப்பு என்று எல்லா வசதியும் உண்டு. வருகிறவர்களும் எங்களைப் போன்ற ஆட்கள்தான்: பிள்ளைகள் வெளிநாட்டில், கொலஸ்ரரோல் உள்நாட்டில்.

அன்றைக்கு எனக்குத் தந்த தலைப்பு 'நான் என்பது எது?' உயிர் வேறு, உடம்பு வேறு என்று விளக்கினேன். ஓட்டோவில் போகிறவன் ஓட்டோ ஆகிவிடுவானா என்று கேட்டேன். சபை தலையை ஆட்டியது. ஓட்டோவின் சில்லுக்குக் காற்றுப் போனால் நீ ஏன் அழுகிறாய், இறங்கி நில், வேடிக்கை பார் என்றேன். கைதட்டினார்கள். மூலிகைத் தேநீரும் அன்று பரவாயில்லை.

என் மனைவி சுகந்தி என் பேச்சுகளைக் கேட்பதில்லை. சட்டை சுருங்காமல் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக மட்டும், சத்தத்தை நிறுத்திவிட்டு வீடியோவை ஓட்டிப் பார்ப்பாள். அன்றிரவு சாப்பிடும்போது, உடம்பு நானல்ல என்று நான் கையை உயர்த்திய இடத்தில் வீடியோவை நிறுத்தி, இரண்டு விரலால் பெரிதாக்கினாள்.

"இஞ்சேருங்கோ, கழுத்திலை என்ன உது?"

நிழல் என்றேன். எழும்பி வந்து தொட்டுப் பார்த்தாள். நிழல் அவளுடைய விரலுக்கு அகப்பட்டு, வழுக்கி, திரும்பவும் அதே இடத்தில் வந்து இருந்துகொண்டது. புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிது. நோகவில்லை. நோகவில்லை என்று நான் சந்தோஷமாகச் சொன்னேன். நோகாத கட்டிதான் சந்தோஷப்படக் கூடாத கட்டி என்பதை அடுத்த நாள் எங்கள் குடும்ப வைத்தியர் தன் முகத்தாலேயே சொல்லிவிட்டார். என் பகிடிக்கு வழக்கமாக முதலில் சிரிக்கிற மனிதர் அவர். அன்றைக்குச் சிரிக்காமல் கழுத்தை அமத்தினார், பிறகு கையைத் தூக்கச் சொல்லிக் கமக்கட்டை அமத்தினார், பின்னேரங்களில் காய்ச்சல் காய்கிறதா என்று கேட்டார். காய்ந்துகொண்டுதான் இருந்தது; நான் வெயிலில் பழியைப் போட்டிருந்தேன். மெலிந்திருக்கிறீர்களா என்று கேட்டார். மெலிந்திருந்தேன், அதற்குரிய புகழைப் புலனடக்கத்துக்குக் கொடுத்து, இரண்டு மேடையில் பேசியும் முடித்திருந்தேன்.

அவர் சொன்னதை எனக்கு விளங்கின அளவில் சொல்கிறேன். கழுத்து, கமக்கட்டு, தொடையிடுக்கு ஆகிய இடங்களில் எல்லோருக்கும் சின்னச் சின்னக் கணுக்கள் உண்டு. ஊரில் நெறி என்பார்கள். கிருமி உள்ளே வந்தால் மறித்து விசாரிக்கும் சோதனைச் சாவடிகள் அவை. யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவனுக்குச் சோதனைச் சாவடியை விளக்க வேண்டியதில்லை. சாவடி வீங்கினால் இரண்டில் ஒன்று பெரும்பாலும் காரணம். ஒன்று, அந்தக் கணுவுக்குள்ளேயே பிடிக்கிற புற்றுநோய். மற்றது காசநோய், எங்கள் பேச்சில் கசம். இரண்டும் பின்னேரக் காய்ச்சலோடு வரும், இரண்டும் இராத்திரியில் வியர்க்கவைக்கும், இரண்டும் ஆளை உருக்கும். வெளியில் நின்று பார்த்து எது என்று சொல்ல முடியாது. கணுவை வெட்டி எடுத்து, அதைக் கடதாசியைவிட மெல்லிசாகச் சீவி, சாயம் போட்டு, நுணுக்குக்காட்டியில் பார்க்கவேண்டும். அதற்குத் திசுப் பரிசோதனை என்று பெயர். இன்னும் வேறு காரணங்களும் இருக்கலாம் என்றார். அவற்றை நான் கேட்கவில்லை. இரண்டே எனக்குப் போதுமாக இருந்தது.

இப்படித்தான் அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றின் பொது விடுதியில், சுவர் ஓரத்துக் கட்டிலில், காய்ச்சலோடு போய்ச் சேர்ந்தேன்.

முதல் நாட்கள் முழுக்கக் காத்திருப்புத்தான். இரத்தம் எடுத்தார்கள், நெஞ்சைப் படம் எடுத்தார்கள். நெஞ்சு துப்பரவாக இருக்கிறது என்றார்கள்; நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று யாரும் சொல்லவில்லை. ஸ்கானுக்கு அவசரம் என்று வெளியில் ஒரு தனியார் நிலையத்துக்கு அனுப்பினார்கள். அங்கே குளிர்சாதன அறையில் கண்ணாடித் தொட்டிக்குள் மீன் நீந்திக்கொண்டிருந்தது, வந்தவர்கள் அமைதியடையவாம். எனக்கு அந்த மீனைப் பார்க்கப் பொறாமைதான் வந்தது. பில் வந்ததும் சுகந்தி அதை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். இன்றுவரைக்கும் அந்தத் தொகை எனக்குத் தெரியாது. கேட்டால், "மீனுக்கும் சேத்துத்தான் எடுத்தவங்கள்" என்பாள்.

முதலில் ஊசியைக் குத்தி உறிஞ்சிப் பார்த்தார்கள். போதாது என்றார்கள். பிறகு விறைக்கப் பண்ணிக் கட்டியை வெட்டி எடுத்தார்கள். அது ஒரு சின்னப் போத்தலுக்குள் மிதந்துகொண்டு ஆய்வுகூடத்துக்குப் போனது. இனி முடிவு வரும்வரைக்கும் செய்ய ஒன்றும் இல்லை. காய்ச்சல் விடாததால் வீட்டுக்கும் விடவில்லை.

எங்கள் ஊரில் ஒரு நாகரிகம் உண்டு. நோயாளிக்குக் கெட்ட செய்தியைச் சொல்லக்கூடாது. முதலில் மனுசிக்குச் சொல்வார்கள். தாழ்வாரத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், தூணுக்குப் பின்னால் வைத்து. அவள் தமையனுக்குச் சொல்வாள். தமையன் ரொறன்ரோவுக்குச் சொல்வான். ரொறன்ரோ உலகத்துக்குச் சொல்லும். நோயாளி மட்டும் விரைவில் சுகமாகிவிடுவார். கடைசியில் பேப்பரில் படத்தோடு அறிவித்தல் வரும்; அப்போதும் வாசிக்கக் கிடைக்காத ஒரே ஆள் அவர்தான். இந்த வழக்கத்தை நானும் எத்தனையோ பேருடைய கட்டிலடியில் நின்று சிறப்பாக நடத்திக் கொடுத்திருக்கிறேன். ஆகவே விடுதியில் யாராவது என்னைப் பார்த்துச் சிரித்தால், தூணுக்குப் பின்னால் சுகந்தி நிற்கிறாளா என்று எட்டிப் பார்க்கத் தொடங்கினேன்.

பார்க்க வந்தவர்களோ சிரித்துக்கொண்டேதான் வந்தார்கள். பால்மாப் பேணியும் தோடம்பழமும் கொண்டுவந்தார்கள். அவற்றோடு தத்துவத்தையும் கொண்டுவந்தார்கள். தோடம்பழத்தையாவது வேண்டாம் என்றால் திரும்பக் கொண்டுபோவார்கள். அயல் வீட்டு ஓய்வுபெற்ற தபாலதிபர், இது போன பிறப்பில் செய்த வினை, அனுபவித்துத்தான் தீர்க்கவேண்டும் என்றார். போன பிறப்பில் நான் என்ன செய்தேன் என்பதைத் தபாலில் பார்த்தவர் போலவே சொன்னார். சொல்லிக்கொண்டே எனக்கு வந்த பிஸ்கட் பெட்டியை உடைத்து, என் வினையில் பாதியைத் தானே தின்று தீர்த்தார். ரொறன்ரோவிலிருந்து ஒரு மச்சான் ஒவ்வொரு நாளும் குரல்பதிவு அனுப்பினான்: மூச்சைக் கவனி, எண்ணங்களைச் சாட்சியாக நின்று பார். பின்னணியில் அவன் கார் ஓட்டுகிற சத்தமும், முன்னால் போகிறவனைத் தாயோடு சேர்த்துத் திட்டுகிற சத்தமும் கேட்கும். சாட்சியாக நின்று பார்க்க அவனுக்குச் சிக்னல் விழவில்லை.

என்னால் இவர்களைத் திட்டமுடியவில்லை. எல்லாம் நான் மேடையில் சொன்னவைதான். என் சரக்கை எனக்கே கொண்டுவந்து விற்றார்கள்.

பக்கத்துக் கட்டிலில் செல்வராசா அண்ணை. கொடிகாமத்தில் தேங்காயும் முருங்கைக்காயும் மொத்தமாக வாங்கி விற்கிறவர். சீனி வருத்தம் முற்றி ஒரு கால்விரலை எடுத்திருந்தார்கள். தத்துவம் பேசமாட்டார். பேசினால் தேங்காய் பேசுவார். அதற்காகவே எனக்கு அவரைப் பிடித்திருந்தது.

கட்டி போத்தலில் போய் ஒரு கிழமை இருக்கும். மத்தியானம் பார்வையாளர் நேரம். சுகந்தி சோற்றைத் தந்துவிட்டு, குளித்துச் சமைத்துப் பின்னேரம் வருகிறேன் என்று புறப்பட்டுப் போனாள். அவள் போன சற்று நேரத்தில் விடுதி வாசலில் வெள்ளை வேட்டிகள் தெரிந்தன. பரமானந்தமும் வட்டத்து ஆட்கள் ஆறேழு பேரும். எல்லோருடைய தோளிலும் சால்வை. என் கட்டிலைச் சுற்றி, தலைமாட்டிலும் கால்மாட்டிலுமாக வந்து நின்றார்கள். யாரும் சுகம் கேட்கவில்லை. பரமானந்தம் என் நெற்றியில் திருநீற்றை அள்ளிப் பூசினார். சின்னப் போத்தல் ஒன்றைத் திறந்து, கரண்டியில் தீர்த்தம் ஊற்றி, "ஆ எண்டுங்கோ சேர்" என்றார். வாயைத் திறந்தேன். திறந்த வாய் மூடுவதற்குள் பாடத் தொடங்கிவிட்டார்கள்.

அந்தப் பாட்டின் பெயரை எழுதமாட்டேன். எங்கள் ஊர்ச் சைவ வீட்டில் பிறந்தவருக்குச் சொல்லத் தேவையில்லை. கோயிலில் படிக்கலாம், விடியக்காலையில் விளக்கேற்றிவிட்டுப் படிக்கலாம், பள்ளிக்கூடத்தில் படிக்கலாம். ஆனால் படுத்திருக்கிறவனைச் சுற்றி நின்று, வாயில் தண்ணீரும் விட்டு, அதைப் படித்தால் அதற்கு யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதும் ஒரே பொருள்தான். ஆள் போகப்போகிறார்.

விடுதிக்கும் அது தெரிந்திருந்தது. எதிர்க்கட்டிலைப் பார்க்க வந்தவர்கள் எழுந்து நின்று கையைக் கட்டினார்கள். ஒரு அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தா. யாரோ திரைச் சீலையைத் தள்ளிக்கொண்டு வந்து கட்டிலை மறைத்தார்கள். துப்பரவு செய்யும் பெண் நான் பாதி சாப்பிட்டிருந்த சோற்றுக் கோப்பையை மரியாதையாக எடுத்துக்கொண்டு போனா. தாதி மிஸ்ஸி ஓடிவந்து நாடியைப் பிடித்தா. அது குதிரை போல ஓடிக்கொண்டிருந்தது. "இவர் நல்லாத்தானே இருக்கிறார்" என்று அவ சொன்னதை, அந்தச் சத்தத்தில் என்னைத் தவிர யாரும் கேட்கவில்லை. திரைக்கு வெளியே ஒரு குரல், எப்ப எடுக்கினமாம் என்று விசாரித்தது.

பாடி முடித்ததும் ஒவ்வொருவராக என் காலைத் தொட்டுவிட்டுப் போனார்கள். "ஒண்டுக்கும் யோசியாதேங்கோ சேர்" என்றார் பரமானந்தம். அவருடைய கண் கலங்கியிருந்தது.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. றிப்போட் வந்துவிட்டது. சுகந்திக்குத் தாழ்வாரத்துத் தூணுக்குப் பின்னால் சொல்லிவிட்டார்கள். அதனால்தான் இன்றைக்குச் சோற்றுக்குள் இறால் பொரியல் இருந்தது. அதனால்தான் அவசரமாக வீட்டுக்குப் போனாள்: செத்தவீட்டுக்கு முற்றத்தைக் கூட்ட.

அந்தப் பின்னேரத்தைப் பற்றித்தான் இவ்வளவும் எழுதுகிறேன். கையில் ஊசி குத்தி, குழாயால் சேலைன் தாங்கியோடு என்னைத் தொடுத்திருந்தார்கள். பதி, பசு, பாசம் என்று கரும்பலகையில் கட்டை, மாடு, கயிறு வரைந்து இருபத்தைந்து வருஷம் படிப்பித்தவன், மாடாகக் கிடந்தேன். இருந்த ஆயுதங்களை ஒவ்வொன்றாக எடுத்தேன். நான் உடம்பல்ல என்று எனக்குள் சொன்னேன். சொன்ன வாய் வறண்டு நாக்கு ஒட்டிக்கொண்டது. சாட்சியாக நின்று பார்த்தேன்; சாட்சியும் சேர்ந்து பயந்தான். இருவினையொப்பு என்று ஒரு நிலை உண்டு, வருவது நன்மையானாலும் தீமையானாலும் மனத்தின் தராசுத் தட்டு சாயாமல் நிற்பது. அதை மாணவர்களுக்கு விளக்க நான் வைத்திருந்த உதாரணம், சோதனைப் பெறுபேறு. பாஸானாலும் பெயிலானாலும் ஒரே முகத்தோடு வீட்டுக்குப் போ என்பேன். ஒரு பிள்ளையாவது எழுந்து என் முகத்தில் புத்தகத்தால் எறியவில்லை என்பதில், எங்கள் பிள்ளைகளுடைய பொறுமையை மெச்சவேண்டும்.

குறை அந்தச் சித்தாந்தத்தில் இல்லை என்பது எனக்கு அப்போதும் தெரிந்துதான் இருந்தது. அதை யோசித்துக் கண்டவர்கள் யாருக்கும் நித்திரை வாங்கித் தருவதாகச் சொல்லவில்லை. அவர்கள் பேசியது விடுதலை. எல்லாவற்றையும் விலையாகக் கேட்கிற ஒன்று. அவ்வளவு விலை கொடுக்க எங்களுக்கு மனமில்லை. வீடும் வேணும், காரும் வேணும், பிள்ளைக்கு அவுஸ்திரேலியா விசாவும் வேணும், மேலதிகமாகக் கொஞ்சம் அமைதியும் வேணும். அதற்காக நானும் பரமானந்தமும் அந்தப் பெரிய மலையை உடைத்து, சல்லியாக்கி, சனிக்கிழமை தோறும் பைகளில் போட்டுக் கொடுத்தோம். எடுத்துக்கொண்டு போனவர்கள் இரத்த அழுத்தம் குறைந்ததாகச் சொன்னார்கள். மூலிகைத் தேநீராலும் குறைந்திருக்கலாம்.

இப்படிக் கிடக்கும்போது பக்கத்துக் கட்டிலில் தொண்டையைச் செருமுகிற சத்தம் கேட்டது.  செல்வராசா அண்ணை தலையணையை நிமிர்த்தி வைத்துக்கொண்டு கேட்டார்:

"மாஸ்டர், கோப்பாயிலை உங்கடை காணி றோட்டுக்கரையோ, உள்ளுக்கோ?"

"உள்ளுக்கு. ஏன் அண்ணை?"

"சும்மா கேட்டனான். பிள்ளையள் இஞ்சையோ?"

"ஒரு மகள். மெல்பேணிலை."

"ம். அப்ப அவ வரப்போறதில்லை. உங்கடை மனுசியும் பிறகு அங்கைதான் போவா." கொஞ்ச நேரம் இரங்கினார். பிறகு, "கிணறு உவரோ?" என்றார்.

எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. உவரோ? எங்கள் கிணற்றுத் தண்ணீரில் தேத்தண்ணி போட்டால் சீனி தேவையில்லை என்றேன். சீனி வருத்தக்காரனுக்கு உது நல்லது என்றார். எத்தனை பரப்பு என்று கேட்டார். சொன்னேன். பரப்புக்கு ஒரு விலை சொன்னார். நான் கட்டிலில் எழும்பி இருந்துவிட்டேன்.

"உந்த விலைக்குக் கொடிகாமத்திலை முள்முருக்கு நிக்கிற வளவு வாங்குங்கோ அண்ணை. இது செம்மண். வெங்காயம் போட்டால் முட்டை மாதிரி விளையும்."

"செம்மண்தான் மாஸ்டர், ஆனால் பாதை ஒடுக்கம் எண்டுறியள். லொறி போகுமோ?"

லொறி போகும் என்று நிரூபிக்க எனக்குக் கால்மணித்தியாலம் எடுத்தது. மூலையில் நிற்கிற பக்கத்து வளவு வேலியைக்கூட வாயாலேயே தள்ளிவைத்தேன். அவர் மெல்ல மெல்ல விலையை ஏற்றினார். நான் இறங்கவில்லை. கடைசியில் மகளோடு கதைத்துத்தான் சொல்லலாம் என்று நான் வீறாப்பாகச் சொன்னபோதுதான் எனக்கு நினைவு வந்தது, நான் சாகப்போகிறேன் என்பது. அந்தக் கால்மணித்தியாலமும் அதை மறந்தே போயிருந்தேன். அறுக்கவேண்டும் என்று நான் ஊருக்குச் சொன்ன அந்தப் பாசக்கயிறுதான், அந்தப் பின்னேரத்தில் என்னைக் கிணற்றுக்குள் விழாமல் பிடித்து வைத்திருந்தது. அமைதி என்று அதைச் சொல்லமாட்டேன். ஆனால் பயம் கொஞ்சம் எட்ட நின்றது.

பின்னேரம் சுகந்தி இடியப்பமும் சொதியும் கொண்டு வந்தாள். நெற்றித் திருநீற்றைப் பார்த்து, ஆர் வந்தவை என்று கேட்டாள்.

"சுகந்தி, எனக்கு ஒளிக்காதையும். றிப்போட் வந்திட்டுதெல்லே?"

"ஆர் சொன்னது?"

"பரமானந்தம் ஆக்கள் வந்து படிச்சுப்போட்டுப் போயிட்டினம்."

"என்ன படிச்சவை?"

சொன்னேன். கையிலிருந்த பாத்திரத்தை மெதுவாகக் கீழே வைத்தாள். தொலைபேசியை எடுத்து, விடுதி கேட்கத்தக்கதாகச் சத்தத்தைக் கூட்டிவைத்துவிட்டுப் பரமானந்தத்தை அழைத்தாள்.

"அண்ணை, நீங்கள் ஆரைக் கேட்டு என்ரை மனுசனுக்கு அதைப் படிச்சனீங்கள்?"

மறுமுனையில் பரமானந்தத்துக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. "ஏன் தங்கச்சி, சேர்தானே எங்களுக்குச் சொல்லித்தந்தவர். அந்தப் பாட்டைச் சாகிறவனுக்கெண்டு ஒதுக்கி வைச்சது மடமை, உயிரோடை கிடக்கிற நோயாளிதான் முதல் கேக்கவேணும், அப்பதான் அமைதி வரும் எண்டு. நாங்கள் அதைச் சிலைட்டிலையும் போட்டு வைச்சிருக்கிறம்."

சுகந்தி என்னைப் பார்த்தாள். நான் சேலைன் சொட்டுவதைப் பார்த்தேன். சொன்னவன்தான். கைதட்டு வாங்கின வசனம் அது.

அவள் அழைப்பை நிறுத்துவதற்கும் ரொறன்ரோ மச்சான் எடுப்பதற்கும் சரியாக இருந்தது. வட்டம் என் கட்டிலடிப் பாட்டை நேரடியாக ஒளிபரப்பியிருந்ததாம்; கும்பிடுகிற கைகள் நூற்றுக்கணக்கில் விழுந்திருந்ததாம். மச்சான் விம்மிக்கொண்டு, கடைசியாக என்ன கதைத்தவர் என்று கேட்டான். "அவரிட்டையே கேளுங்கோ" என்று தொலைபேசியை என் கையில் தந்தாள். நான் ஹலோ என்றதும் அவன் வைத்துவிட்டான்.

அதற்குப் பிறகு அவள் கட்டில் ஓரத்தில் இருந்து இடியப்பத்தைப் பிய்த்தாள். 

"றிப்போட் இன்னும் வரேல்லை. வந்தால் உங்களுக்குத் தெரியாமல் நான் ஒரு வசனமும் கேக்கமாட்டன். கெட்டதெண்டாலும் ரெண்டு பேரும் ஒண்டாக் கேப்பம். இப்ப சாப்பிடுங்கோ."

அந்த ஆஸ்பத்திரி நாட்களில் எனக்குச் சொல்லப்பட்டவற்றில், ஒரு பிடிமானமாக எடுத்துக்கொள்ளக்கூடியதாக இருந்தது அது மட்டும்தான். அன்றைக்கு இடியப்பம் முழுவதையும் சாப்பிட்டேன்.

அடுத்த கிழமை ஒரு காலை, இளம் டொக்டர் பிள்ளை ஒன்று கையில் தாளோடு வந்தா. என்னைப் பார்த்துச் சிரித்தா.  சுகந்தியின் பக்கம் திரும்பி, "அக்கா, ஒருக்கா வெளியிலை வாறியளோ?" என்றா. தாழ்வாரத்துத் தூண் எனக்குக் கட்டிலிலிருந்தே தெரிந்தது.

சுகந்தி எழும்பவில்லை. என் கையைப் பிடித்திருந்தாள். பிடித்த இடம் பிறகு கன்றியிருந்தது.

"வேண்டாம் டொக்டர். இதிலையே சொல்லுங்கோ. அவருக்கும் தமிழ் விளங்கும்."

டொக்டர் பிள்ளை ஒரு கணம் தடுமாறினா. பிறகு கதிரையை இழுத்துப்போட்டு இருந்து, என் முகத்தைப் பார்த்தே சொன்னா. புற்றுநோய் இல்லை. காசநோய். கணுவின் நடுப்பகுதி கட்டித் தயிர்போலச் சிதைந்து கிடக்கிறது, அதுதான் அடையாளம். நெஞ்சில் இல்லாதபடியால் மற்றவர்களுக்குத் தொற்றாது. ஆறு மாதம் ஒரு நாளும் விடாமல் குளிசை போட்டால் சுகம்.

நான் சிரித்தேன். பிறகு அழுதேன். பிறகு இரண்டும் கலந்து வந்தது. டொக்டர் பிள்ளைக்கு நன்றி சொன்னேன், மிஸ்ஸிக்குச் சொன்னேன், சேலைன் தாங்கிக்கும் சொல்லியிருப்பேன். கசம் வந்ததென்று இவ்வளவு குதூகலித்த ஆளை அந்தப் பிள்ளை பார்த்திருக்கமாட்டா. இருவினையொப்புத் தட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து நிலத்திலேயே முட்டிவிட்டது. செல்வராசா அண்ணை, "அப்ப காணி குடுக்கிற யோசனை இல்லை" என்று கவலையோடு சொன்னார். பிறகு, தொற்றாது என்று டொக்டர் சொன்னதை இரண்டு தரம் உறுதிப்படுத்திக்கொண்டு, தலையணையை எடுத்துக் கட்டிலின் மறுபக்கத்தில் போட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தேன். புற்றுநோயாக இருந்திருந்தால் ஊரே திரண்டிருக்கும். கசம் என்ற சொல் எங்கள் ஒழுங்கைக்குள் வந்த அன்றே வாசல் வெறிச்சோடிவிட்டது. தபாலதிபர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, வினையைப் பற்றிப் பேசாமல், மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார். பரமானந்தம் படலைக்கு வெளியே மோட்டச்சைக்கிளை நிறுத்தாமலே சுகம் கேட்டார். என் மூச்சு அவரில் படக்கூடாதாம். ஓட்டோ வேறு, அதில் போகிறவன் வேறு என்பது அவருக்கும் அன்றைக்கு மறந்துபோயிற்று. வட்டம் என்னைச் சூம் வழியாக மட்டும் பேச அழைத்திருக்கிறது. தலைப்பு 'நோய் தந்த அமைதி'. இணைய இணைப்புச் சரியில்லை என்று சொல்லிவிட்டேன். ஆட்கள் வராத வீடு எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்பதை அவர்களுக்குச் சொன்னால், திரும்ப வரத் தொடங்கிவிடுவார்கள்.

குளிசையை என் கையில் நம்பித் தருவதில்லை. பலர் பாதியில் விட்டுவிடுவார்களாம். ஒவ்வொரு நாளும் காலையில் சுகாதார நிலையத்துக்குப் போய், அங்கே இருக்கும் ஒரு அம்மாவுக்கு முன்னால் விழுங்கிக் காட்டவேண்டும். அவ பேசாமல் என் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருப்பா. இறங்கினதும் தலையை ஆட்டுவா. இவ்வளவு காலமும் சாட்சி, சாட்சி என்று நான் பேசித்திரிந்ததில், வேலை செய்கிற சாட்சி ஒன்றை முதல்முதலாகக் கண்டது அங்கேதான்.

முதல் குளிசை போட்ட அன்று மத்தியானம் கழிப்பறையிலிருந்து சுகந்தியைக் கூப்பிட்டேன். அந்த மருந்து சிறுநீரின் நிறத்தை மாற்றும், பயப்படவேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். சொன்னது காதில் ஏறவில்லை. இப்போது பார்த்தால், அப்பழுக்கில்லாத காவி. மடங்களில் உடுத்துகிறார்களே, அதே நிறம்.

சுகந்தி வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். அவசரப்படாமல் நன்றாகப் பார்த்தாள்.

"சரி சுவாமி, தண்ணியை ஊத்திப்போட்டு வாங்கோ. புட்டு ஆறுது."